நன்றி சொல்லும் கதவு

எங்கள் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: யார் சொன்னாலும் நம்பாதே, கதவு சொன்னால் நம்பு. கதவு என்றால் திறந்து மூடுகிற கதவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். உலைப் பக்கம் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் துணி மாற்றிக்கொண்டு, அதற்குள் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடம்பிலோ துணியிலோ கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருந்தால் மணியடிக்கும். இல்லாவிட்டால் பச்சை விளக்கு எரிந்து, ஒரு பெண் குரல் "நீங்கள் சுத்தம். நன்றி" என்று சொல்லும். அது இயக்குநருடைய மைத்துனியின் குரல் என்று பேச்சு. யாருடைய குரலாக இருந்தால் என்ன, அந்த வளாகத்தில் எனக்குத் தினமும் நன்றி சொன்ன ஒரே ஜீவன் அதுதான்.

நான் குழாய் வேலை பார்க்கிறவன். ஒப்பந்தத் தொழிலாளி. உலைப் பக்கம் எந்த வால்வு ஒழுகினாலும் "குழாயைக் கூப்பிடு" என்பார்கள். குழாய் என்றால் நான்.

உள்ளே புழங்குகிற ஸ்பேனர், சுத்தியலுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். மஞ்சள் சாமான் கதவைத் தாண்டவே கூடாது. வருஷக்கணக்காக அழுக்குத் தண்ணீரில் ஊறியவை அவை. ஒரு நாள் மனைவி சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள், பாப்பாவுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அன்றைக்குப் பார்த்து என் லாக்கர் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் ஸ்பேனரை எடுத்து வந்து நெம்பினேன். தப்புதான், ஆனால் எல்லாரும் செய்கிற தப்பு. எங்கள் லாக்கர்களில் பாதி அப்படித்தான் திறக்கின்றன. சட்டையை மாட்டினேன், ஓடினேன், கதவுக்குள் நின்றேன். "நீங்கள் சுத்தம். நன்றி." வெளியே வந்து வாசலுக்குத் திரும்பும்போதுதான் கை கனக்கிறதே என்று பார்த்தேன். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

இந்த ஸ்பேனரைப் பார்த்தே கத்தாத கதவு, இவ்வளவு காலமாக எதைப் பார்த்து எனக்கு நன்றி சொன்னது? தினமும் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பாப்பாவைத்தான் தூக்குவேன். என் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்புவாள்.

கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கேட்காரரிடம் திரும்பிப் போனேன்.

"அண்ணே, கதவு மணியடிக்கலண்ணே."

"ஏன் அடிக்கணும்? சந்தோஷமா வீட்டுக்குப் போ."

கையில் இருந்ததைக் காட்டினேன். அவர் நாற்காலியோடு சுவர்வரைக்கும் பின்னால் போனார்.

"அதை எதுக்குய்யா வெளிய கொண்டாந்தே?"

"தெரியாம வந்துடுச்சு. ஆனா கதவு சுத்தம்னு சொல்லுதேண்ணே!"

"சொல்லிடுச்சுல்ல? அப்ப அது சுத்தம்தான். கீழ வை. இன்னும் தள்ளி வை. இன்னும் தள்ளி." நான் வைத்ததை அவர் ஒரு நீளத் துடைப்பத்தால் மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தார். "சுத்தமான சாமானாச்சே, யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க" என்றார். பிறகு துடைப்பத்தையும் அங்கேயே போட்டுவிட்டார்.

தடுப்பூசிக்கு மனைவிதான் தனியாகப் போய் வந்தாள்.

மறுநாள் காலையில் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு வெளியே நின்றேன். கடைசியில் உள்ளே கூப்பிட்டார். குளிர்சாதன அறை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் சிவப்பு ரிப்பன் கட்டிய கைமீட்டர் ஒன்று. கையில் பிடித்து ஆளின் உடம்பெல்லாம் காட்டி அளக்கிற கருவி. வாங்கின அன்று கட்டிய ரிப்பன் இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"ஐயா, என்னை ஒரு தடவை அளந்து பார்த்துச் சொல்லுங்கய்யா. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"உங்களைத்தான் கதவு அளந்துடுச்சே."

"கதவுலயே ஏதும் கோளாறோன்னு..."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துக்குள்ள யாரும் சொல்றதில்லை. சரி, ஒரு பேச்சுக்குக் கோளாறுன்னே வச்சுக்குவோம். அப்போ இத்தனை நாளா இந்த வழியா போனவங்க எல்லாரையும் கூப்பிட்டு அளக்கணும். அவங்க வீட்டை அளக்கணும். அவங்க ஏறின பஸ்ஸை அளக்கணும். உலையை நிறுத்தணும். இதெல்லாம் நடந்தா ஜனங்க பயந்துடுவாங்களா இல்லையா? ஜனங்க பயப்படாம இருக்கிறதுக்குப் பேர்தான் பாதுகாப்பு. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

"அப்ப நான் பயப்படலாமாங்கய்யா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க தனி ஆள். தனி ஆள் பயப்படறதுக்கு விதியில தடை எதுவும் இல்லை."

அலமாரியைக் கைகாட்டினேன். "அந்த மீட்டரை ஒரு நிமிஷம் எடுத்தா..."

"அதெல்லாம் சும்மா எடுக்க முடியாது. கதவு மணியடிச்சாத்தான் எடுக்கணும். மணியடிச்சிட்டா, அளக்காம அந்த ஆளை ஒரு அடி நகர விடக் கூடாது. கறாரான விதி. நானே எழுதினது."

"மணியடிக்கலைன்னா?"

"மணியடிக்கலைன்னா எதுக்கு அளக்கணும்?" என்றார், என்னைவிட அதிகம் குழம்பிப்போன முகத்துடன்.

அன்றிலிருந்து வீட்டில் பாப்பாவின் பக்கம் போவதை விட்டேன். சளி பிடித்திருக்கிறது, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவள் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்க வேண்டும். நாளைக்கே யாராவது அளந்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லாமல் போய்விடும் என்று ஒரு நப்பாசை. வாசல் குழாயடியிலேயே சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பேன். முழங்கைத் தோல் சிவந்து எரியும்வரை தேய்ப்பேன். சாப்பிட்ட தட்டை நானே தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பேன். பாப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினால், பொய்யாக இருமிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவேன்.

ஒரு நாள் காலை அவளுடைய தலையணைத் துணியில் முடி உதிர்ந்து கிடந்தது. பூனைமுடி போல ஒரு பிடி இருக்கும். பின்னந்தலையில் வட்டமாக வழுக்கை விழுந்திருந்தது.

"முடி உதிருது! உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"எல்லாக் குழந்தைக்கும் இந்த வயசுல உதிரும்ங்க. படுத்துப் படுத்துத் தேயுது. இதுக்கு எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சளி புடிச்சா இவ்வளவு நாளா இருக்கும்? பொண்ணாப் பொறந்துட்டான்னு உங்களுக்கு மனசுல ஏதாவது இருந்தா நேராச் சொல்லிடுங்க."

எல்லாக் குழந்தைக்கும் உதிரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் உதவவில்லை. நான் தினமும் போய்ப் பாதுகாப்பு அதிகாரியின் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். நான் நிற்பது பார்வைக்கு நன்றாக இல்லை என்பதால் ஒரு குழு போட்டார்கள். அதற்குக் கதவு நலக் குழு என்று பெயர்.

நீள மேஜை. தலைமாட்டில் இயக்குநர். நடுவில் பிஸ்கட் தட்டு. சாட்சிப் பொருளான ஸ்பேனரை ஒரு தட்டத்தில் வைத்து, எந்த அதிகாரியும் தூக்க முன்வராததால் நானே தூக்கி வந்து மேஜையில் வைத்தேன். வைத்தவுடன் யாரோ பிஸ்கட் தட்டை மறுகோடிக்கு நகர்த்திவிட்டார்கள். முதலில் கேட்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"கதவைத் தினமும் சோதிக்கிறீங்களா?"

"சோதிக்கிறேன் சார். அதுக்குன்னு சட்டைப் பித்தான் மாதிரி ஒரு பித்தான் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள கொஞ்சூண்டு கதிர்வீச்சு வச்சிருக்காங்களாம். தினமும் காலையில அதைக் கதவுகிட்ட காட்டணும், கதவு கத்தணும். கத்தினா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"கத்துதா?"

"குனிஞ்சு குனிஞ்சு காட்டினா இடுப்பு புடிச்சுக்குது சார். அதனால ஒரு நூலைக் கட்டிக் கதவுலயே தொங்கவிட்டுட்டேன். சோதனை பாட்டுக்கு அதுவே நடந்துக்கிட்டு இருக்கட்டும்னு. முதல் நாள் கொஞ்ச நேரம் கத்திச்சு. அப்புறம் தானா அடங்கிடுச்சு."

"எப்போ தொங்கவிட்டீங்க?"

"போன மழைக்காலத்துக்கு முன்னாடி சார்."

பாப்பா பிறந்ததே மழை விட்ட பிறகுதான்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்து விளக்கினார். "சட்டத்துக்குள்ள ஆள் இல்லாத நேரத்துல சுத்துவட்டாரத்துல என்ன இருக்கோ, அதைத்தான் கதவு பூஜ்யம்னு கணக்கு வச்சுக்கும் சார். பித்தான் எப்பவும் அங்கேயே தொங்கினதால, பித்தானையே பூஜ்யம்னு எடுத்துக்கிட்டது. அதைவிடக் கம்மியா எது வந்தாலும் இப்ப அது கண்டுக்காது."

"அதாவது, கதவு பழகிக்கிட்டது" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். பழகிக்கிட்டது."

"பழகிக்கிறதுக்குப் பேர் கோளாறா?" இயக்குநர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் இங்க வந்த புதுசுல சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போடும். குழாய் ஒழுகுதுன்னு போன் வந்தா ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. இப்ப போனே எடுக்கறதில்லை, நல்லாத் தூங்கறேன். எனக்கு என்ன கோளாறா வந்திருக்கு? இதுக்குப் பேர் அனுபவம். எதுக்கெடுத்தாலும் கத்தற கதவு அனுபவமில்லாத கதவு. நம்ம கதவுக்குப் பக்குவம் வந்திருக்கு."

குழு மேஜையைத் தட்டி ஆமோதித்தது.

நான் கையைத் தூக்கினேன். "ஐயா, அப்ப இந்த ஸ்பேனர் சுத்தம்தானுங்களே?"

"கதவே சொல்லிடுச்சேப்பா."

"அப்படின்னா ஒரு தடவை கையில வாங்கிப் பாருங்கய்யா. நீங்க வாங்கிட்டீங்கன்னா என் பயம் போயிடும்." தட்டத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சென்று பின்னால் போயின. இயக்குநர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்கு ஸ்பேனர் வேலை தெரியாதே" என்றார்.

குழு தீர்மானம் போட்டது. ஸ்பேனர் சுத்தம். சுத்தமான சாமான் மஞ்சள் நிறத்தில் இருப்பது பொதுமக்களுக்கு வீண் பீதியைத் தரும் என்பதால் அதற்கு நீலப் பெயின்ட் அடிக்க வேண்டும். அடிக்க வேண்டியது நான். என்னை அளப்பது பற்றிக் கேட்டேன். அது குழுவின் விவாதப் பொருளில் இல்லை என்றார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. போன மழையிலிருந்து ஒரு தடவைகூட மணியடிக்காத கதவு என்பது பெரிய சாதனை என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து விருது வந்துவிட்டது. விருது கதவுக்கு, வாங்குவது இயக்குநர். தொழிலாளர் குடும்பங்களையும் பத்திரிகைக்காரர்களையும் அழைத்து விழா எடுப்பது என்றும், நம் கதவு எத்தனை பத்திரமானது என்று காட்ட, தொழிலாளி ஒருவரின் குழந்தையை இயக்குநர் கையில் ஏந்திக் கதவு வழியாக நடந்து வருவார் என்றும் முடிவாயிற்று. கைக்குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார்கள். தினமும் வாசலில் நின்று "வீட்ல கைக்குழந்தை இருக்கு" என்று நான்தான் ஊரையே கூட்டியிருந்தேனே.

"வேண்டாங்கய்யா" என்றேன்.

"உங்க குழந்தைக்குக் கிடைச்ச பெருமை. எங்க வீட்ல கைக்குழந்தை இல்லையேன்னு எனக்கே வருத்தமா இருக்கு" என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் வீட்டில் ஒரு வயதுப் பேரன் இருப்பது எனக்குத் தெரியும்.

மனைவியைத் தடுத்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் நிலையத்து வண்டி வந்து, பாப்பாவுக்கு லேஸ் வைத்த கவுனும் பூப்போட்ட சால்வையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. மனைவி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. "இதுக்கும் சளின்னு சொல்லாதீங்க" என்றாள். நான் குழாயடிக்குக் கை கழுவப் போனேன்.

விழா அன்று கதவைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். சட்டத்தில் சாட்டின் ரிப்பன், பக்கத்தில் மேடை, மைக். அழுக்கு நூல் ஒன்று தொங்கினால் படத்தில் அசிங்கமாக விழும் என்று கேட்காரர் நூலை அறுத்து, பித்தானை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம். முன்தினம் கடைசி ஆளும் போன பிறகே செய்தாயிற்று என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். கேட்ட கணத்தில் எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. என் கண்ணெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவிமேல் இருந்தது.

இயக்குநர் பேசினார். "இந்தக் கதவு எங்களை ஒரு நாளும் தொந்தரவு செஞ்சதில்லை. கேள்வி கேட்டதில்லை. யாரையும் நிறுத்தி வச்சதில்லை. ஒரு நல்ல அதிகாரிக்கு என்னென்ன லட்சணம் வேணுமோ, அத்தனையும் இதுகிட்ட இருக்கு." கைதட்டல் அடங்கியதும் இறங்கி வந்து, மனைவியிடமிருந்து பாப்பாவை வாங்கினார். புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கதவுக்குள் போய் நின்றார்.

மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை அங்கே எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள். சிலர் தீ விபத்து என்று வாசலுக்கு ஓடினார்கள். ஒருவர் தன் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். எனக்கு மட்டும் அப்போதுதான் விளங்கியது: பித்தான் போனதும் கதவுக்குப் பழைய பூஜ்யம் திரும்பிவிட்டது. இயக்குநரின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. கைகள் மட்டும் மெல்ல நீண்டு, பாப்பாவைத் தன் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்தன.

"புடி, புடி! யாராவது புடிங்கய்யா!"

நான்தான் ஓடினேன். அத்தனை நாளாகத் தொடாத என் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவுக்குள்ளேயே நின்றேன். அவர் தாவி வெளியேறினார். மணி நிற்கவில்லை. பாப்பா வீறிட்டு அழுதாள். சால்வை விலகியது. உள்ளே கவுனுக்கு மேல் அவளைச் சுற்றியிருந்தது என் துண்டு. உலைப் பக்கம் தலையில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற துண்டு. கதவை நம்பிய நாட்களில் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

மனைவி ஓடிவந்தாள். "என்னங்க சத்தம் இது?"

"இந்தத் துண்டு எப்படி வந்துச்சு?"

"அதுவா? நீங்க தூக்கவே மாட்டேங்கிறீங்க, அவ உங்களைத் தேடி அழறா. உங்க வாசனையாவது இருக்கட்டும்னு தினமும் அதுலதான் சுத்திப் படுக்க வைக்கிறேன். இங்க கூட்டத்தைப் பார்த்து அழுதான்னு..." அவள் சுற்றிலும் பார்த்தாள். எங்களைச் சுற்றிப் பெரிய வட்டமாக இடம் விட்டு எல்லாரும் பின்வாங்கியிருந்தார்கள். "ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறாங்க? சளின்னுதானே சொன்னீங்க?"

மேடையில் இயக்குநர் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். "யாரும் பயப்பட வேண்டாம். இது வெறும் இயந்திரக் கோளாறு."

"கோளாறு, கோளாறு" என்று பாதுகாப்பு அதிகாரி எல்லாப் பக்கமும் திரும்பிச் சொன்னார். "குழாய், வெளிய வாங்க. அது கோளாறு."

"மணியடிச்சா அளக்காம ஒரு அடி நகர விடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? மீட்டரை எடுத்துட்டு வாங்கய்யா. எங்க மூணு பேரையும் அளந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

"அது நல்லா இருக்கிற கதவுக்கு எழுதின விதி" என்று சொல்லிக்கொண்டே அவர் சுவர்ப் பக்கம் போனார்.

மணி காதைப் பிளந்தது. துண்டை உருவிப் போட்டால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. துண்டு போய் மணி நின்றால் தப்பித்தோம். அது போயும் மணி நிற்காவிட்டால், அழுக்கு என்மேல் இருக்கிறது, அல்லது பாப்பாமேல் இருக்கிறது. என் கை துண்டுவரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உலைக்குள் இறங்கச் சொன்னால்கூட இறங்கியிருப்பேன், அந்தத் துண்டை இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சட்டென்று சால்வைக்குள் கையை விட்டு, துண்டை ஒரே இழுப்பில் உருவிக் கூட்டத்தின் பக்கம் வீசினாள்.

மணி நின்றது.

"நின்னுடுச்சுங்க!" என்று கத்தினாள். "துண்டுதாங்க! வெறும் துண்டுதான்!" அழுகையும் சிரிப்புமாக என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. பச்சை விளக்கு எரியும், குரல் வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை. குரலும் வரவில்லை.

சுவரோரம் பாதுகாப்பு அதிகாரி குனிந்தவாறு நின்றிருந்தார். அவர் கையில் கதவின் மின்வயரும் அதன் நுனியில் பிளக்கும் இருந்தன.

"கோளாறைச் சரி பண்ணியாச்சு சார்" என்றார் மேடையைப் பார்த்து. கூட்டம் கைதட்டியது.

மனைவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாப்பாவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "துண்டை எடுத்ததும்தானே நின்னுச்சு? நீங்களும் பார்த்தீங்கல்ல? சொல்லுங்களேன்" என்றாள்.